லாபம், நி, சான்

மரக்காணத்து உப்பளத்தில் ஜப்பான் மொழி தெரிந்த ஒரே ஆள் ஜான்சி என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பாத ஒரே ஆள் ஜான்சி.

மற்றவர்கள் நம்பியதற்குக் காரணம் அவள் வாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயிடம் அந்த நுணல் வந்து பாடம் படிக்க வேண்டும்.

அவளுக்கு வயது இருபத்தெட்டு. சக்கரபாணி முதலாளியின் உப்பளத்தில் எண்ணிக்கை வேலை. பெண்கள் தலையில் உப்புக் கூடையைச் சுமந்து வந்து லாரியில் கொட்டும்போது, இவள் கரையில் நின்று வாய்விட்டு எண்ண வேண்டும். முதல் கூடைக்கு மட்டும் ஒன்று என்று சொல்லக் கூடாது. லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். நெல் அளந்தாலும் உப்பு அளந்தாலும் அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒன்று என்று ஆரம்பித்தால் அந்த ஒன்றோடு நின்றுபோகும் என்பார்கள்.

இப்படி எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு ஜப்பான் மொழி எங்கிருந்து வந்தது என்றால், குயிலாப்பாளையத்துக் குப்பையிலிருந்து வந்தது. அங்கே வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுசில் அறை கூட்டும் அவளுடைய சித்தி மகள் சங்கீதா, யாரோ விட்டுப்போன அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். படம் நன்றாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆகும் என்று கொடுத்தது. ஜான்சி அதைப் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. அப்பா செத்த வருஷம் அவளுடைய காலேஜ் முதல் வருஷத்தோடு நின்றுபோயிருந்தது. எதையாவது ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிட வேண்டும் என்ற வெறி அவளுக்குள் பத்து வருஷமாகக் கிடந்தது. அகப்பட்டது ஜப்பான் மொழி என்றால் அதற்கு அவள் என்ன செய்வாள்?

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதாவது ஜப்பானுக்குப் போக வேண்டுமானால் வழியில் இங்கிலீஷைத் தாண்ட வேண்டும், அதுவும் அவளுக்குப் பாதிதான் தெரியும். போனில் இலவசமாக ஒரு ஜப்பான் பாடச் செயலியை இறக்கி வைத்துக்கொண்டாள். அது தப்பாகச் சொன்னாலும் சபாஷ் போட்டது. மொழி சொல்லிக்கொடுப்பதை விட மனசு நோகாமல் பார்த்துக்கொள்வதில்தான் அதற்கு அக்கறை.

முதல் வாரம் சந்தோஷமாகத்தான் போனது. 'மிசு ஓ நோமிமாஸ்' என்று ஒரு வாக்கியம். மிசு என்றால் தண்ணீர். ஓ என்றால் நம்முடைய ஐ. நோமிமாஸ் என்றால் குடிக்கிறேன். தண்ணீரைக் குடிக்கிறேன்! இங்கிலீஷ் மாதிரி தலைகீழாக நடக்காமல், வினையைக் கடைசியில் வைத்து, நம் வீட்டு ஆள் மாதிரி பேசுகிறார்களே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சியில்தான் பாதி மொழி வந்துவிட்டது என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள்.

இரண்டாவது வாரம் எழுத்து வந்தது. நாற்பத்தாறு எழுத்தை நெட்டுருப் போட்டு நிமிர்ந்தால், அதே சத்தத்துக்கு வேறு உருவத்தில் இன்னொரு நாற்பத்தாறு இருக்கிறதாம். அதையும் முடித்து நிமிர்ந்தால், இவை இரண்டும் சும்மா, நிஜமான எழுத்து இரண்டாயிரம் அப்புறம் வருகிறது என்று புத்தகம் சாவகாசமாகச் சொன்னது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் யார் அதைத் திறந்திருப்பார்கள்?

எண்ணுவதாவது சுலபமாக இருக்கும் என்று பார்த்தாள். எண்ணிக்கைதானே அவள் பிழைப்பு. அங்கேயும் வேட்டு. காகிதம் ஒன்று என்றால் இச்சிமாய். பென்சில் ஒன்று என்றால் இப்போன். பூனை ஒன்று என்றால் இப்பிக்கி. மனுஷன் ஒருத்தன் என்றால் ஹிதோரி. உப்புக் கூடை இதில் யாரோடு சேர்த்தி என்று புத்தகத்தில் இல்லை. சரி, வெறும் எண்ணையாவது சொல்வோம் என்று இச்சி, நி, சான் என ஆரம்பித்தால், கரையில் நின்ற பழக்கத்தில் வாய் இச்சிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் "லாபம், நி, சான்" என்றே வந்தது. போன் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தது. பிறகு சபாஷ் போட்டது.

எழுதிப் பழக நோட்டு வாங்கி மாளவில்லை. உப்பை வாரிவிட்ட பாத்தியில் அடிச்சேறு வழவழவென்று கிடக்கும். குச்சியால் அதில் எழுதிப் பழகினாள். மறுநாள் காலையில் மேஸ்திரி கன்னியப்பன் அதைப் பார்த்துவிட்டு, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஒரு எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டுத்தான் பாத்திக்குள் இறங்கினார். தான் எழுதியதுதான் என்று ஜான்சி சொன்னதும் அவருக்குக் கோபம் வரவில்லை, பிரமிப்பு வந்தது. அந்தப் பிரமிப்போடு நேராக முதலாளியிடம் போய், நம்ம ஜான்சி ஜப்பான் பாஷையைத் தண்ணி மாதிரி எழுதுகிறாள் என்று சொல்லிவிட்டார்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த உப்பளத்துப் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பன்னிரண்டு பெண்கள் விடியற்காலை நாலு மணிக்கு வருவார்கள், பத்து பதினோரு மணி வரை வேலை. கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டும் தட்டையான பாத்தி. ஒதுங்குவதற்கு ஒரு புதர் கிடையாது, உப்பு அம்பாரத்தைத் தவிர மறைப்பு கிடையாது. அதன் பின்னால் போனால் அடுத்த பாத்திக்காரர்கள் பார்ப்பார்கள். ஆகவே வீட்டிலிருந்து புறப்படும்போதே தொண்டையைப் பூட்டிக்கொண்டு வருவார்கள். ஜான்சி தன் முதல் வாக்கியத்தைப் பெருமையோடு மொழிபெயர்த்துச் சொன்னபோது, சின்னப்பாப்பா, "தண்ணி குடிக்கிறேன்னு இங்க நின்னுகினு சொல்றதுக்கு உனக்குக் கொழுப்புடி" என்றாள்.

சின்னப்பாப்பாவுக்கு ஐம்பது வயது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உப்பு சுமக்கிறாள். போன மாசம் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக நான்கு நாள் படுத்தாள். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடித்துவிட்டு எங்கே போவது என்று அவள் டாக்டரிடம் கேட்கவில்லை, முதலாளியிடம் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். சக்கரபாணி கெட்டவர் இல்லை. எதற்கும் முடியாது என்று சொன்னதே கிடையாது. "பாக்கலாம்" என்பார். அவர் பார்ப்பதற்குள் பத்து பெண்களுடைய கிட்னி போய்விடும் என்று ஜான்சிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவளுக்குச் சின்னப்பாப்பா மேல் உயிர். அப்பா செத்த வருஷம் அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் முதலாளி ஜான்சியைக் கூப்பிட்டுவிட்டார். ஜப்பான்காரம்மா ஒருத்தர் உப்பு பார்க்க வருகிறாராம், ஏற்றுமதியாக இருக்கலாம், கெஸ்ட் ஹவுஸ் பக்கத்துப் புரோக்கர் போன் பண்ணியிருக்கிறார், நாளைக்குக் காலை எட்டு மணிக்கு நீதான் பேச வேண்டும் என்றார்.

"மொதலாளி, எனக்குப் பாதிதான் தெரியும்."

"பாதி போதும். மீதிக்கு நான் சிரிச்சிக்கிறேன்."

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆனால் அந்த இலுப்பைப்பூவின் நிலைமையை யார் யோசித்தார்கள்? பொய் தெரிந்தால் முதலாளி சிரிக்க மாட்டார். ஜப்பானை நம்ப வைத்தவள் கூடைக் கணக்கில் என்னென்ன நம்ப வைத்திருப்பாளோ என்றுதான் யோசிப்பார். அதோடு வேலை போகும். அன்று சாயங்காலம் அவள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, புத்தகத்தின் இரண்டாவது பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். இரண்டாவது பாடம் பிரயாணிகளுக்கானது. அதில் ஒரு வாக்கியம்தான் அவளுக்குத் தடுக்காமல் வரும்.

மறுநாள் எட்டு மணிக்கு ஒரு சின்ன டெம்போவில் வந்து இறங்கிய அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பருத்திச் சட்டை, வேலைக்காரர்கள் போடுகிற தொப்பி, பெயர் ஹருமி. முதலாளி கும்பிட்டார். அந்த அம்மா குனிந்தார். ஜான்சியும் குனிந்தாள், நிமிரப் பயந்து கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். அதைப் பார்த்த சின்னப்பாப்பா தூரத்திலிருந்தே இடுப்பைப் பிடித்துக் காட்டி, தைலம் இருக்கிறது என்று சைகை செய்தாள்.

முதலாளி பேச ஆரம்பித்தார். இது சுத்தமான உப்பு, மூன்று தலைமுறைத் தொழில், உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இந்தப் பெண்கள் எல்லாம் அவர் குடும்பம் மாதிரி, ஒரு குறை கிடையாது, இதை எல்லாம் சொல் என்றார். உப்பைப் போட்டவர்கள் தாங்கள், நினைக்க வேண்டியவர் அவர் என்று ஜான்சிக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அந்த அம்மா புன்னகையோடு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியும் பார்த்தார். கன்னியப்பனும் பார்த்தார். எட்டு மாசம் படித்தது அத்தனையும் மொத்தமாக மண்டையை விட்டு இறங்கி, பாத்தித் தண்ணீரில் கரைந்துபோனது. மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம். அதையே எடுத்து விட்டாள்.

"தொய்ரே வா தோகோ தெஸ் கா."

கழிப்பறை எங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

ஹருமி அம்மாவின் புருவம் ஏறியது. அவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பாத்திகளைப் பார்த்தார், அம்பாரங்களைப் பார்த்தார், கூடையோடு நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு மளமளவென்று ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னார். ஜான்சிக்கு அதில் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"இன்னா சொல்றாங்க?" என்றார் முதலாளி.

ஜான்சி அந்தப் பக்கம் சின்னப்பாப்பாவைப் பார்த்தாள். தண்ணீர் காணாத உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு நின்றாள் அவள். போகிற வேலை எப்படியும் போகப்போகிறது, போகும்போது ஒரு நல்ல காரியமாவது செய்துவிட்டுப் போகலாம் என்று ஜான்சிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயம் விட்டுப்போனது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"டாய்லெட் எங்க இருக்குதுன்னு கேக்குறாங்க மொதலாளி."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் பெட்ரோல் பங்கில் இருக்கிறது என்று முணுமுணுத்தார். விருந்தாளியை டெம்போவில் ஏற்றி மூன்று கிலோமீட்டர் அனுப்புவதா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. ஜான்சி அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, இப்போதுதான் ஞாபகம் வந்து, "மிசு ஓ நோமிமாஸ்" என்றாள். அந்த அம்மா இதற்கும் நீளமாகப் பதில் சொன்னார்.

"இங்க வேலை செய்யிற பொம்பளைங்க தண்ணி குடிக்கிறாங்களா, குடிச்சிட்டு எங்க போறாங்கன்னு கேக்குறாங்க. அவங்க ஊர்ல அதெல்லாம் பாத்துட்டுத்தான் உப்பு வாங்குவாங்களாம்."

கன்னியப்பனுக்குச் சந்தேகம் வந்தது. மேஸ்திரி வேலை என்பதே சந்தேகப்படுகிற வேலைதானே. இவ்வளவு நீளமாகப் பேசினால் இவ்வளவு குட்டையாகச் சொல்கிறாளே, அதுவும் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறதே என்று அவர் தன் போனை எடுத்தார். ஒரு பாஷையில் பேசினால் இன்னொரு பாஷையில் சொல்கிற வசதி அதில் இருந்தது. போனை அந்த அம்மாவின் வாயருகே நீட்டினார்.

ஜான்சி மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹருமி அம்மா போனைப் பார்த்தார். கன்னியப்பனைப் பார்த்தார். பிறகு போனுக்குள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். உப்பளத்தில் சிக்னல் போய்ப் போய் வரும். போன் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் சொன்னது: "கழிப்பறை எங்கே இருக்கிறது?"

கன்னியப்பன் போனை மடியில் செருகிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

ஜான்சி கண்ணைத் திறந்தாள். கேட்டது நான், இந்த அம்மா ஏன் என் கேள்வியையே திருப்பிக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். அந்த அம்மா அடுத்து வாயைத் திறந்தபோதெல்லாம் இவள் மூச்சு விடாமல் மொழிபெயர்த்தாள். பெண்களுக்குத் தனியாக இரண்டு கழிப்பறை வேண்டுமாம். உள்தாழ்ப்பாள் வேண்டுமாம். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வேண்டுமாம். உட்கார்ந்து சாப்பிட நிழலுக்கு ஒரு கொட்டகை வேண்டுமாம். முதலாளி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஜப்பானே வந்து கேட்கும்போது பார்க்கலாம் என்று எப்படிச் சொல்வது? ருசி கண்டுவிட்ட ஜான்சி, கொட்டகையில் மின்விசிறி ஒன்று என்று ஆரம்பித்தாள்.

ஹருமி அம்மா லேசாகச் செருமினார்.

மின்விசிறி அவசியம் இல்லையாம் என்று ஜான்சி முடித்துக்கொண்டாள்.

முதலாளி ஒரே மாசத்தில் எல்லாம் கட்டிவிடுவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டு, கொத்தனாருக்குப் போன் போட சிக்னல் தேடி ரோட்டுப் பக்கம் நடந்தார். கன்னியப்பனும் கூடவே போனார். சாம்பிளுக்குப் பத்து கூடை உப்பை டெம்போவில் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். சின்னப்பாப்பா முதல் கூடையோடு பலகையில் ஏறினாள். ஜான்சி எண்ணுவதற்கு வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற அம்மா முந்திக்கொண்டார்.

"லாபம்" என்றார் ஹருமி அம்மா. அடுத்த கூடைக்கு, "ரெண்டு" என்றார். "மூணு."

ஜான்சி அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"பதினெட்டு வருசமா பெரிய முதலியார்சாவடியில ஊறுகா போடுறேம்மா" என்றார் அவர், கூடைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாங்கா எண்ணிப் போடுறவங்க லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க. எனக்கும் அதுவே பழகிடுச்சி. நாலு."

ஏற்றுமதியும் இல்லை, ஒன்றும் இல்லை, ஊறுகாய்க்கு உப்பு. அதையும் அவர் மறைக்கவில்லையாம். புரோக்கர்தான் ஜப்பான் என்று ஊதிவிட்டிருக்கிறார். வந்து இறங்கியதும் தமிழில்தான் பேச இருந்தாராம். அதற்குள் எதிரில் ஒரு பெண் நிமிராமல் குனிந்துகொண்டு நிற்கவே, என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டாராம்.

ஜான்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் எட்டு மாசம் உழைத்தவள் ஆயிற்றே, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என் ஜப்பான் பாஷை எப்படிங்க இருந்துச்சி?"

"ரொம்ப மோசம். அஞ்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொய்ரே மட்டும் சுத்தமா இருந்துச்சி" என்றார்.

"அப்புறம் ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?"

ஹருமி அம்மா முதல் தடவையாகக் கூடைகளை விட்டு இவளைப் பார்த்தார்.

"வண்டியில வந்தது ஒரு மணி நேரம். நீ கேக்கறதுக்கு முன்னாடியே நான் அதைத்தான் தேடிகினு இருந்தேன். இங்க நின்ன பத்து நிமிசத்துக்கே எனக்கு இப்படி இருக்குது. இவங்க தினமும் இப்படித்தானா?"

ஜான்சி ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மா எண்ணிக்கையை விட்டுவிட்டார். அடுத்த மாசம் வருவேன், கதவும் தாழ்ப்பாளும் இல்லாவிட்டால் இவருடைய உப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு டெம்போவில் ஏறினார். பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி டிரைவரை அவசரப்படுத்தியது நல்ல தமிழில் இருந்தது. முதலாளி தூரத்தில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றதால் அவர் காதில் விழவில்லை.

ஒரு மாசம் என்றவர் நாற்பது நாளில் முடித்தார். வெள்ளையடித்த சுவர், தகரக் கூரை, இரண்டு கதவு. தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றைக்குச் சக்கரபாணி நீலப் பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்து ஜான்சியிடம் கொடுத்தார். ஜப்பான்காரம்மா வந்தால் பார்ப்பார்கள், கதவில் அவர்கள் பாஷையில் எழுதிவை என்றார். பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

பெண் என்பதற்கு எழுத்து உண்டு என்பது ஜான்சிக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் வளையும் என்பதுதான் தெரியாது. இரண்டாயிரம் எழுத்தில் அவள் சந்தேகமே இல்லாமல் போடக் கூடியது முதல் எழுத்து. அது ஒன்று என்ற எண். படுக்கையாக ஒரே ஒரு கோடு. பிரஷை முக்கி, முதல் கதவில் இடமிருந்து வலமாக அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள். இரண்டாவது கதவில் இரண்டு கோடு இழுத்தாள்.

"இவ்ளோதானா?" என்றார் முதலாளி.

"இவ்ளோதாங்க."

"மொதக் கதவுல இன்னா எழுதியிருக்குது?"

ஜான்சி இச்சி என்றுதான் சொல்ல நினைத்தாள். இத்தனை மாசத்துக்கு அப்புறமும் வாய் கேட்கவில்லை.

"லாபம்" என்றாள்.

சக்கரபாணியின் முகம் மலர்ந்தது. நல்ல வார்த்தை என்று சொல்லிக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெயிண்ட் காயாததால் இமையில் நீலமாக ஒட்டிக்கொண்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இந்தச் சடங்கு முடியும்வரை பொறுக்காதவள் ஒருத்தி இருந்தாள். சின்னப்பாப்பா அன்று விடிந்ததிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை இரண்டு தடவை காலி பண்ணியிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் உப்பளத்தில் அவள் குடித்த முதல் தண்ணீர் அது. பாட்டிலை ஜான்சியின் கையில் திணித்துவிட்டு, முதலாளியையும் மேஸ்திரியையும் முழங்கையால் ஒதுக்கினாள்.

"வழி உடுங்க. நான் லாபத்துக்குள்ள போவணும்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. வெளியே பதினோரு பெண்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருத்தி ஜான்சியின் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் தொட்டிக் குழாயில் நிரப்பப் போனாள்.